பந்து இல்லாத பக்கம்

ஜூன் 12

என் குட்டிச்சுவருக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். திரும்ப அழைத்தேன், அம்மா எடுத்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போக என்னால முடியாது. மருந்துக்கடையில நாள் முழுக்க நின்னுட்டு வர்றேன். என்ன சொல்லணுமோ எழுதித் தொலைங்க" என்றாள். எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் பள்ளிக்கூடம் தானியங்கிக் கேமரா வாங்கியிருக்கிறது, இனி ஹாக்கி ஆட்டமெல்லாம் நேரலையில் வரும் என்று நீ சொன்னபோது உன்னைவிட எனக்குத்தான் அதிக சந்தோஷம். இரண்டு வருடம் ஒப்பந்தத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன இருக்கிறது? நேற்று மதிய இடைவேளையில் குடோன் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் போன் என்று பார்த்தேன்.

பார்த்தது என்ன? மூன்று கோல். மூன்று தடவையும் கேமரா வந்து பார்க்கும்போது பந்து வலைக்குள் கிடக்கிறது, நீ தரையில் கிடக்கிறாய். ஒரு பந்தையாவது தடுத்தாயா? நான் பார்க்கவில்லை. மீதி நேரம் நீ மைதானத்தில் இருந்தாயா என்றே தெரியவில்லை. கடைசிக் கால் பகுதியில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கோடு நான் வேலைக்குப் போனேன். இதைச் சொன்னதற்குத்தான் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நான் கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் என்ன பேசினோம்? இந்த வருடம் மண்டல அணியில் இடம் கிடைத்தால் ஆடு. கிடைக்காவிட்டால் மட்டையை மூலையில் வைத்துவிட்டு டியூஷனுக்குப் போ. என் கையில் அடித்து ஒத்துக்கொண்டாய். நான் மறக்கவில்லை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு திரைகள் முன்னால் உட்கார்ந்து இந்தக் குடோனில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். எங்கள் அறைக்கு ஒரே சட்டம்தான். திரையில் இல்லாதது நடக்கவில்லை. உனக்கு மட்டும் வேறு சட்டம் போட முடியாது.

உன் முழங்காலுக்கு மருந்து போட்டாயா?

அப்பா

*

ஜூன் 19

அப்பாவுக்கு,

முதல் விஷயம். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். நான்குக்கு மூன்று. உங்கள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோது ராக்கெட் மூன்று கோல் அடித்தாள். அவளை உங்களுக்குத் தெரியும், நம் தெருமுனைத் தையல்கடை அக்காவின் மகள். ஜெயித்துவிட்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வீட்டுக்கு ஓடிவந்து போனை எடுத்தால், "என்னம்மா, படுத்துத் தூங்கிட்டியா?" என்று கேட்கிறீர்கள். வைக்காமல் என்ன செய்வேன்?

இரண்டாவது விஷயம் அந்தக் கேமரா. நடுக்கோட்டுக்கு நேராக ஒரு கம்பத்தின் மேல் நிற்கிறது. ஒற்றைக் கால், கழுத்து மட்டும் திரும்பும். நாங்கள் அதைக் கொக்கு என்று கூப்பிடுகிறோம். அதற்குத் தெரிந்தது பந்து ஒன்றுதான். போன வருடம் வரை லேப் அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி நின்று படம் எடுப்பார். கோல் விழுந்தால் அவரே குதிப்பார், படம் ஆடும், ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று அவருக்குப் புரியும். கொக்குக்கு ஒன்றும் புரியாது. போன வாரம் பயிற்சியின்போது குழாயடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மக் காற்றில் உருண்டது. பதினோரு நிமிடம் அந்த மக்கையே நேரலையில் காட்டியது. இருபத்திரண்டு பேர் ஆடிக்கொண்டிருக்கிறோம், மக் ஆடுவதை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது நிதானமாகக் கேளுங்கள். எதிர் அணி வேகமாக அடிக்கும்போது கொக்கு இரண்டு வினாடி பின்தங்கிவிடும். நான் பந்தைத் தடுத்தால் அது என் காலில் கட்டிய பேடில் பட்டு மறுபடி நடுமைதானத்துக்குப் போய்விடும். பாதி வழியில் வந்துகொண்டிருந்த கொக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விடும். நான் தடுக்காவிட்டால்தான் பந்து வலைக்குள் நிற்கும். அப்போதுதான் சாவகாசமாக வந்து பார்க்கும், நான் விழுந்து கிடப்பதை. நான் எவ்வளவு நன்றாக ஆடுகிறேனோ அவ்வளவு காணாமல் போகிறேன் அப்பா. அன்றைக்கு ஒன்பது பந்து தடுத்தேன். பி.டி. டீச்சர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். வீடியோவில் ஒன்றுகூட இல்லை.

சும்மா வீட்டில் இருப்பவர்கள் பார்க்கிற வீடியோ என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இந்த வருடம் மண்டலத் தேர்வுக் குழு மைதானத்துக்கே வரப்போவதில்லையாம். கொக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெட்டிக் கொடுக்கிற துண்டுப் படத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்களாம். என் துண்டு நாற்பது வினாடி. மூன்று கோல், மூன்று தடவை நான் எழுந்து மண்ணைத் தட்டுவது, அவ்வளவுதான். என் ஒன்பது வருட ஆட்டம் மண் தட்டுவதில் முடிந்திருக்கிறது.

எனக்கு வருத்தம் இல்லை, கோபம்தான். தகுதி இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். என்னைப் பார்க்காமலே சொன்னால் விடமாட்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் முப்பத்திரண்டு திரைகளிலும் விழாத இடம் அந்தக் குடோனில் எங்குமே இல்லையா?

முழங்கால் சரியாகிவிட்டது. மருந்து போடவில்லை.

உங்கள் மகள்

*

ஜூன் 27

குட்டிச்சுவரே,

ஜெயித்ததை முதல் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் நான் ஏன் திட்டப்போகிறேன்? சரி, நான் உன்னை முதல் வார்த்தை சொல்ல விடவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேமரா மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் ஒருவன் வந்து நிற்கிறான். "சார், நான் அங்கதான் இருந்தேன், உங்க கேமராவுல விழல" என்பான். எல்லோரும் சொல்கிற சாக்கு அது. பன்னிரண்டு வருடம் மூட்டை தூக்கி முதுகு போன பிறகு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறவர்களின் சாக்கு எல்லாம் எனக்கு அத்துப்படி, நானே சொன்னவைதான். என் காதில் பூச்சுற்ற முடியாது. துண்டுப் படம் நாற்பது வினாடி என்றால் அதை ஒரு நிமிடமாக்கப் பார். அடுத்த

ஜூன் 29

மேலே உள்ளதை எழுதும்போது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, நிறுத்திவிட்டேன். அன்றே கிழித்துப் போட்டிருக்கலாம். நீ படிக்க வேண்டும் என்று அப்படியே அனுப்புகிறேன்.

உன் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கிப் போனேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நான் குடோன் தரையில் கால் வைத்ததே இல்லை. ஒன்பதாம் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அறையில் இருந்த கூட்டாளிக்குப் போன் போட்டேன். "நான் தெரியறேனா?" என்றேன். "எங்க இருக்கீங்க?" என்றான். கையை ஆட்டினேன், குதித்தேன். "இல்லண்ணே, யாரும் இல்ல" என்றான்.

ஏன் அந்தத் தூண் என்று கேட்பாய். போன மாதம் அங்கே ஒருவன் இருபது நிமிடம் காணாமல் போனான். நெட்டையான ஆள், எல்லோரும் ஒட்டகம் என்பார்கள். பதினேழாம் திரையில் இல்லை. நான்தான் எழுதினேன், 'வேலையிடத்தில் இல்லை' என்று. மூன்று நாள் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் அறை வாசலில் நின்று, "சார், அடுக்கு சாஞ்சுது, தோள் கொடுத்துப் பிடிச்சுட்டு நின்னேன்" என்றான். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "திரையில இல்லையேப்பா" என்றேன்.

நேற்று அந்த அடுக்கைப் பார்த்தேன். அடியில் இருந்த பலகை உடைந்து, முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவன் பிடிக்காமல் விட்டிருந்தால் நாற்பது பெட்டி கீழே வந்திருக்கும், பதினேழாம் திரையில் நன்றாக விழுந்திருக்கும். அவன் பிடித்ததால் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை.

நான் ஒரு மடையன். எழுதிவிட்டேன், போதும். இன்றைக்கு மேலாளரிடம் போய் என் குறிப்பு தவறு என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். அவர் ஒரு மாதிரி ஆள், பார்க்கலாம்.

அப்பா

*

ஜூலை 7

அம்மா,

இன்றைக்கு உனக்கு எந்தப் பட்டப்பெயரும் வைக்கத் தோன்றவில்லை.

ஷிப்டை மாற்றிக்கொண்டு முழு ஆட்டமும் பார்த்தேன். உங்கள் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு நல்ல மனுஷன் கேமராவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார் போல. அறுபது நிமிடமும் உன்னையே காட்டினார்.

சத்தம் வரவில்லை. ஆனாலும் நீ வாயை மூடவே இல்லை என்று தெரிந்தது. யாரை அப்படித் திட்டிக்கொண்டே இருக்கிறாய்? பந்து அந்தப் பக்கம் போனால் நீ சும்மா நிற்பாய் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்தின் விளிம்புவரை நடந்து வருகிறாய். இடது கம்பத்தை மட்டையால் ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு, மறுபடி நடக்கிறாய். தடுப்பாட்டப் பெண்களை இங்கே வா, அங்கே போ என்று விரட்டுகிறாய். அந்த ஆட்டத்தை நீதான் நடத்துகிறாய் என்று தோன்றியது.

பதினொரு பந்து. நான் எண்ணினேன். ஒன்று உன் கழுத்துக்குக் கீழே பட்டது. நீ குனிந்து இருமினாய், உடனே கையைத் தூக்கி ஒன்றுமில்லை என்று காட்டினாய். காய் நறுக்கும்போது விரல் நுனியில் கீறினால் ஊரைக் கூட்டுகிறவள் நீ. யாரம்மா அது, மைதானத்தில் நின்றது? எனக்குத் தெரியாத ஒரு பெண் என் வீட்டில் ஒன்பது வருடமாக வளர்ந்திருக்கிறாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒட்டகம் பார்த்துவிட்டு, "என்ன சார்?" என்றான். போனைக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பத்து நிமிடம் அவனும் பார்த்தான். "நல்லாப் பிடிக்குது சார், பாப்பா" என்றான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

யார் கோல் அடித்தது, எத்தனை என்று ஒன்றும் தெரியவில்லை. எழுது. கேமராக்காரருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்.

அப்பா

*

ஜூலை 14

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது. கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லை. கேமராக்காரர் நான்தான்.

அந்த வெள்ளை மக் ஞாபகம் இருக்கிறதா? கொக்குக்கு வெள்ளையாக, உருண்டையாக இருப்பது எல்லாம் பந்து. கோல் கம்பத்துக்கு அடித்த வெள்ளைப் பெயிண்ட் விளையாட்டு அறையில் அரை டப்பா மீதி இருந்தது. என் கறுப்பு ஹெல்மெட்டுக்கு இரண்டு கோட் அடித்தேன். அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கியதும் கொக்கு ஒரு தடவை என்னைப் பார்த்தது, பிறகு விடவே இல்லை. உள்ளே நின்று நான் சிரித்த சிரிப்பு உங்களுக்குத் தெரிந்திருக்காது. பார்த்துக்கோ, நன்றாகப் பார்த்துக்கோ என்று சொல்லிக்கொண்டே ஆடினேன். நீங்கள் திட்டு என்று நினைத்ததில் பாதி கொக்குக்குச் சொன்னது.

இரண்டு–பூஜ்யம், ஜெயித்தோம். இரண்டும் ராக்கெட் அடித்தது. இரண்டும் வீடியோவில் இல்லை.

அதை நான் யோசிக்கவே இல்லை அப்பா. என் ஆத்திரம் எனக்குப் பெரிதாக இருந்தது. மறுநாள் ராக்கெட் வகுப்பு வாசலில் நிறுத்தினாள். "எங்கம்மா கடையில நாலு பேர உட்கார வெச்சு, பொண்ணு ஆடறத பாருங்கன்னு போன காட்டியிருக்காங்க. நீ பேட இழுத்து விட்டுக்கறததான் பாத்திருக்காங்க. கொக்கு உனக்குப் பண்ணினத நீ எனக்குப் பண்ணிட்ட" என்றாள்.

ஹெச்.எம். கூப்பிட்டு அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு ஆட்டம் தடை. அந்த ஆட்டத்தின் வீடியோ என் துண்டுப் படத்தில் சேராதாம். போதாததற்கு, கேமராக் கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டுமாம். தடை சரி என்றேன். ஹெல்மெட்டைக் கறுப்பாக்குகிறேன் என்றேன். கம்பெனியிடம் மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன் என்றேன். "எழுதாம பள்ளிக்கூடத்து மட்டைய தொடக்கூடாது" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வேறு. அன்று சாயங்காலம் தையல்கடைக்குப் போனேன். ராக்கெட் இஸ்திரி மேசை மேல் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "அக்கா, ரெண்டு கோலும் நான் பாத்தேன். எந்தக் கேமராவும் பாக்கல, நான் பாத்தேன். சொல்லட்டுமா?" என்றேன். மைதானத்தின் ஒரு முனையில் நின்று முழு ஆட்டத்தையும் பார்ப்பதுதானே கீப்பரின் வேலை. அளவுகோலை மட்டையாக்கி, நூல்கண்டைப் பந்தாக்கி, வெட்டுத்துணிகளுக்கு நடுவில் முதல் கோலை ஆடிக் காட்டினேன். எங்கே வாங்கினாள், யாரை ஏமாற்றினாள், எந்தத் தோளைத் தாழ்த்தினாள், எல்லாம். அக்கா காலை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டாவது கோலில் நான் இடது பக்கம் திரும்பியதும் மேசை மேலிருந்து, "லூசு, வலது பக்கம்டி" என்று குரல் வந்தது. அப்புறம் அவளே இறங்கி வந்து அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டாள். அக்கா கைதட்டினார். நூல்கண்டு சாக்கடையில் விழுந்துவிட்டது.

என் தடை நாளில்தான் அரையிறுதி. நான் பெஞ்சில். நான்கு கோல் வாங்கித் தோற்றோம். அது என்னால்தான். யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

நேற்று மண்டல அணிப் பட்டியல் வந்தது. ராக்கெட் இருக்கிறாள், முந்தைய ஆட்டங்களால். கோல்கீப்பர் என்ற இடத்தில் இப்படிப் போட்டிருக்கிறார்கள்: 'காணொளிகளில் தகுதியான ஆட்டம் காணப்படவில்லை. சென்ற ஆண்டு ஆடியவர்களே தொடர்வர்.'

ரயில் நிலையத்தில் பேசியபடி நான் மட்டையை வைக்க வேண்டும். வைக்கமாட்டேன். இதைப் போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், அதனால் எழுதுகிறேன். இன்னொரு தடவையும் எழுதுகிறேன். வைக்கமாட்டேன்.

உங்கள் மகள்

*

ஜூலை 21

குட்டிச்சுவரே,

பெயிண்ட் விஷயத்தைப் படித்துச் சிரித்ததில் கூட்டாளி என்னமோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தான். அடிப்பாவி. நான் நன்றி சொன்ன கேமராக்காரர் நீதானா?

ராக்கெட் விஷயத்தில் நான் திட்ட வேண்டியதை அவளே திட்டிவிட்டாள். அதோடு விடுகிறேன்.

ரயில் நிலையத்துப் பேச்சைப் பற்றி. அவர்கள் உன்னைப் பார்த்து எடுத்தால் ஆடு, பார்த்து வேண்டாம் என்றால் நிறுத்து, இதுதான் நான் சொன்னதன் அர்த்தம். அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லையே. காணப்படவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பார்க்கும்வரை மட்டையை வைக்காதே.

நான் குறிப்பைத் திருத்தியதற்கு எனக்கு மெமோ வந்திருக்கிறது. 'கண்காணிப்பு அமைப்பின் நம்பகத்தன்மைக்குக் குந்தகம்' என்று பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டிருக்கிறார்கள். பதில் கேட்டார்கள். ஒன்பதாம் தூணுக்குப் பின்னால் வந்து நின்று பாருங்கள் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். ஒட்டகத்தின் மூன்று நாளைத் திரும்பக் கொடுக்கும்வரை நான் விடப்போவதில்லை. இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டால் என்னைக் காட்டிக்கொடுக்காதே.

அப்பா

*

ஆகஸ்ட் 13

அப்பாவுக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குதிக்காமல் படியுங்கள்.

ஹெச்.எம். கேட்ட மன்னிப்புக் கடிதத்தை எழுதிவிட்டேன். 'ஐயா, உங்கள் கேமராவை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடம் நான் தடுத்த பந்து முப்பத்தொன்று, உங்கள் கேமரா தானாகப் பார்த்தது நான்கு. நான் விட்ட கோல் ஆறு, உங்கள் கேமரா பார்த்தது ஆறு. மன்னிப்பை யார் யாரிடம் கேட்பது என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.' டீச்சரின் நோட்டையும் அதோடு வைத்தேன்.

ஹெச்.எம். என் எதிரிலேயே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி படித்தார். "திமிர்" என்றார். பிறகு, "மத்த பள்ளிக்கூடத்து கீப்பருங்களுக்கும் இப்படித்தானா?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாம எப்படி எழுதற? போய்த் தெரிஞ்சுக்க" என்றார்.

ராக்கெட்டும் நானும் ஏழு பள்ளிக்கூடங்களுக்குப் போனோம், பள்ளி விட்ட பிறகு, சைக்கிளில். எதிர் கோலில் நின்று பார்த்ததோடு சரி, அந்தப் பெண்களிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருத்தியின் துண்டுப் படம் இருபது வினாடி. இன்னொருத்திக்குத் துண்டே இல்லை, 'ஆட்டத்தில் பங்கேற்கவில்லை' என்று வந்திருக்கிறது. அவள் ஐந்து ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை அப்பா! எட்டுப் பேர் படத்தையும் சேர்த்தால் ஐந்து நிமிடம் வரவில்லை. அந்தக் கணக்கையும் என் கடிதத்தில் சேர்த்து, எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம். ஹெச்.எம். மேலே தன் கையெழுத்தையும் போட்டார். "இது கம்பெனிக்கு வேண்டாம், தேர்வுக் குழுவுக்குப் போகட்டும். மன்னிப்புங்கற வார்த்தைய மட்டும் அடிச்சிடு, இதுல அது எங்கயும் இல்ல" என்றார்.

போன சனிக்கிழமை கீப்பர்களுக்கு மட்டும் நேரில் தேர்வு வைத்தார்கள். குழுவில் மூன்று பேர், மூன்று நாற்காலி, கோலுக்குப் பின்னாலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு முப்பது பந்து. என் ஹெல்மெட் கறுப்புதான். நான் இருபத்து மூன்று தடுத்தேன்.

அந்த ஒரு கோல்கூட விடாத பெண் இருபத்தேழு தடுத்தாள். வளர்த்தி குறைவு, ஆனால் பந்து கிளம்புவதற்கு முன்பே அங்கே இருக்கிறாள். என் கண்ணால் பார்த்தேன். என்னைவிட நல்ல கீப்பர். சொல்லும்போது கசக்கிறது, ஆனாலும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல நான் கொக்கு இல்லை. முதல் கீப்பர் அவள். இரண்டாவது நான். அவளுக்கு அடிபட்டால்தான் எனக்கு ஆட்டம், இல்லாவிட்டால் பெஞ்சு.

இரண்டாவது கீப்பர் என்பது நம் ரயில் நிலையக் கணக்கில் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வராது என்று சொன்னாலும் ஆடுவேன். அடுத்த வருடம் அவள் இருபத்தேழு என்றால் நான் இருபத்தெட்டு. கோபத்தில் எழுதவில்லை. பேடைக் காய வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

மண்டலப் போட்டி அடுத்த மாதம் ஆறாம் தேதி, உங்கள் ஊரிலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில். அங்கேயும் கொக்கு உண்டாம். நேரலையில் வரும். பெஞ்சில் இருக்கும் நான் அதில் வரமாட்டேன்.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 20

என் குட்டிச்சுவருக்கு,

கணக்கில் வரும். வராது என்று சொன்னால் நீ கேட்கப்போகிறாயா என்ன?

ஒட்டகத்தின் மூன்று நாளும் திரும்பி வந்துவிட்டது. மேலாளர் தூணுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் மேலே இருந்து, "சார், நீங்க வேலையிடத்துல இல்ல" என்று போனில் சொன்னேன். மெமோவை அவர் இன்னும் ரத்து செய்யவில்லை, செய்ய வேண்டாம். சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.

ஆறாம் தேதிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். போனை அறையிலேயே வைத்துவிட்டு வருகிறேன். உங்கள் அணியின் பெஞ்சு மைதானத்தின் எந்தப் பக்கம் என்று மட்டும் எழுது. நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன், அங்கிருந்துதான் உன் முகம் தெரியும். அறுபது நிமிடமும் பெஞ்சைத்தான் பார்ப்பேன். பந்து எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

அப்பா